கடலில் எடுத்தது, கையால் செய்தது

சேலத்தில் பேருந்து ஏறும்போது அந்தப் பை தளர்வாகத்தான் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேர்வராயன் மலைமேல் ஒண்டிக்கடையில் இறங்கியபோது மத்தளத் தோல்போல விறைத்து நின்றது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், மிச்சம் ஆக்சிஜன், நடுவில் ஒரு விரல்கடை நீளமுள்ள இரண்டு கோமாளி மீன்கள். கடற்கரையில் கட்டிய பை 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் பைக்குள் இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு விரிந்துவிடுகிறது. மலைக்கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் ஏன் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இது புதிதில்லை.

"ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க, மலைக்குப் போகுதுன்னு ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னேன் மாமா. அப்படியும் பாருங்க" என்றாள் அக்கா மகள், பையை இரு கையிலும் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு.

அவள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். 1977 முதல் இயங்கிவரும் அந்தக் கல்லூரியில் நான்கு ஆண்டு இருந்தவளுக்கு, படிப்பு முடித்து மலைக்குத் திரும்பிய பிறகும் கடல் விடவில்லை. வீட்டு முன்னறையில் 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் ஒரு சின்னப் பவளப்பாறையை எழுப்பியிருக்கிறாள். அதில் ஒரு துண்டுகூடக் கடலிலிருந்து வந்ததில்லை. அத்தனையும் அவள் கையால் செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா வீட்டுத் தொட்டி நினைவுக்கு வருகிறது. அதிலிருந்த பவளம் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தது.

ஒண்டிக்கடை என்ற பெயருக்குள்ளேயே ஒரு பழைய காலம் இருக்கிறது. ஒண்டியாக ஒரு கடை நின்ற இடம் என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அது ரவுண்டானா. ஏரியும் அண்ணா பூங்காவும் பக்கத்திலேயே இருப்பதால், மே மாதக் கோடை விழாவின்போது அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. என் சிறு வயதில், மாலை ஆறு மணிக்குப் பனி இறங்கியதும் தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடும். அப்போது வேடிக்கை பார்க்க எங்களுக்கு இருந்த ஒரே காட்சிப்பொருள் பெரியப்பாவின் மீன் தொட்டி.

1979-ல் பெரியப்பா தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போய் வந்தார். கேனில் அக்னி தீர்த்தம், ஒரு சங்கு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு வெள்ளைக் கல். கல் உரித்த தேங்காய் அளவு இருந்தது. மேலெல்லாம் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு முருகைக் கல் என்று பெயர் என்றார். எட்டணாவோ முக்கால் ரூபாயோ கொடுத்து வாங்கியிருப்பார். தங்கமீன் தொட்டியின் நடுவே அதை வைத்தபோது தெருவே வந்து பார்த்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அந்தப் பள்ளங்களில் விரல் விட்டால் எந்த வழியாக எங்கே போகலாம் என்று நான் மனசுக்குள் வழி போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் கல்லுக்குத் தொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பச்சை படிந்தது. பெரியம்மா மாதம் ஒரு முறை எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காய வைப்பார். ஒவ்வொரு முறையும் பள்ளங்களின் விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருக்கும். ப்ளீச்சிங்தான் காரணம் என்று அப்போது நினைத்தோம். அக்கா மகள் சொல்லித்தான் எனக்கு முழுக் காரணம் தெரிந்தது. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். அதில் சுண்ணாம்புப் பாறை கிடையாது. அதன் மேல் ஓடிவரும் தண்ணீர் மென்னீர். பவளக்கல் முழுக்க முழுக்கச் சுண்ணாம்பு. மென்னீரில் போட்ட சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கரையும், நாக்கில் வைத்த கற்கண்டைப்போல. பெரியம்மா தேய்க்காமலே இருந்திருந்தாலும் அது மழுங்கிக்கொண்டுதான் வந்திருக்கும்.

அந்தக் கல் மூளைப் பவளம், ஆண்டுக்கு ஒரு செ.மீ.கூட வளராத வகை. ஊசிமுனை போன்ற பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு அடியில் வீடு கட்டுகின்றன. அவற்றின் உடம்புக்குள்ளேயே ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சமைப்பதில் பெரும்பங்கு பூச்சிக்குத்தான் உணவு. தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் சுட்டால் போதும், பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். பெரியப்பா கொண்டுவந்தது அந்த வீட்டின் எலும்புக்கூடு. அன்று எனக்கு எட்டு வயது. என்னைவிட அதற்கு வயது கூடுதலாகவே இருந்திருக்கும். அதை வெள்ளையாகப் பார்த்துப் பழகிய எனக்கு, உயிரோடு இருக்கும்போது அது பழுப்பும் பச்சையுமாக இருக்கும் என்று தெரியவந்தது நாற்பது வயதுக்கு மேல்தான்.

பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று அந்தக் கடற்கரையில் பவளம் என்றால் கல், கல் என்றால் காசு. மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, வீட்டுச் சுவருக்குப் போனது, கார்பைடு ஆலைக்கும் போனது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்களில் பூப்பூவாக, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பள்ளங்கள் தெரியும். அதுவும் பவளக்கல்தான். பெரியப்பா வாங்கியது அந்தப் பெரிய வெட்டில் சிதறிய ஒரு துண்டு.

கடலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசையும் நம் ஊருக்குப் புதிதில்லை. 1909-ல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளித்தலையும் சங்கு குளித்தலையும் பற்றி எழுதியவர். கடலுக்கு எதிரே இருந்ததால் தண்ணீருக்குக் கவலையில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அது திறப்பதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1853-ல், லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் உருவாக உழைத்த பிலிப் ஹென்றி கோஸ் மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்கள் வாளியும் உளியுமாக இங்கிலாந்தின் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குழிகளில் இருந்த உயிர்களெல்லாம் சில ஆண்டுகளில் துடைத்தெடுக்கப்பட்டன. அப்பாவின் புத்தகம் செய்த வேலையை மகன் எட்மண்ட் கோஸ் 1907-ல் தன் நூலில் வருந்தி எழுதினார். கடலின் மீது வெறுப்பு கொண்டவர்கள் யாரும் அந்தக் குழிகளைக் காலி செய்யவில்லை. ஆசைப்பட்டவர்கள்தான் செய்தார்கள். இந்த இடத்தில் எனக்குப் பெரியப்பா முகமும் என் முகமும் தெரிகின்றன.

வீட்டுத் தொட்டியில் பவளத்தை உயிரோடு வைத்துக் காட்டியவர்களில் முன்னோடி ஜகார்த்தாவின் லீ சின் எங். உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறைத்துண்டுகள், கடல்நீர், வெயில், ஒரு காற்றுக்குழாய். 1961-ல் அவர் எழுதிய முறையில் வேறொன்றும் கிடையாது. பாறையில் இருக்கும் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டன. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் உலகம் முழுக்க அதைப் பின்பற்றியபோது, கடலிலிருந்து டன் டன்னாகப் பாறை பெயர்க்க வேண்டி வந்தது.

நம் பக்கத்தில் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்த பிறகு, அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்து போனது. 2001-ல் கல் பவளம், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. மீறினால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பெரியப்பா அன்று செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததை இன்று யாரும் கொண்டுவர முடியாது.

இது தெரிந்தும் விற்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டி வைக்கிறோம் என்று நான் நாலு பேரிடம் சொல்லப்போக, ஒரு நகரத்துக் கடைக்காரர் எனக்கே போன் செய்து, உயிர்ப் பவளம் இருக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன் என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது உண்மை. அக்கா மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"விலாங்குசல்லி மேல படகுல போயிருக்கேன் மாமா. தீவு இருந்த எடத்துல தண்ணிதான் இருந்துச்சு. அதப் பாத்த பெறகு எப்படி வாங்குறது?" என்றாள்.

அப்புறம்தான் அவள் செய்ய உட்கார்ந்தாள். வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, சிப்பித் தூள் இரண்டு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. சிப்பித் தூள் நாமக்கல்லிலிருந்து வந்தது. முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கோழித் தீவனத்தில் கலப்பார்களே, அதேதான். கோழி முட்டைக்கும் பவளத்துக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். கல்லுப்பு எதற்கு என்று கேட்டேன். "பொறுங்க" என்றாள். ஈர மணலில் கையால் குழி பறித்து, அதில் கலவையை அப்பி, மேலே மணல் மூடி வைத்தாள். சில துண்டுகளைக் கையிலேயே பிடித்து உருட்டினாள். மூளைப் பவளத்துக்கு மூங்கில் சிம்பைச் சீவி, இறுகும் பதத்தில் ஒரே கோட்டில் வளைத்து வளைத்துப் பள்ளம் இழுத்தாள். கோடு எங்கும் இன்னொரு கோட்டை வெட்டக் கூடாது. பவளம் அப்படி வளர்வதில்லை. இரண்டு உருண்டைகளைக் கலைத்துப் போட்டுவிட்டு மூன்றாவதில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது. கிளைப் பவளத்துக்கு உள்ளே பிவிசி குச்சி. கம்பி போட்டால் கடல்நீரில் துருப்பிடித்துவிடும்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் ஊற வைத்ததும் உப்பு கரைந்து வெளியேறியது. உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. உடைத்துக் காட்டினாள், ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி உள்ளே கண் கண்ணாக இருந்தது. லீ சின் எங்கின் பாறையில் நுண்ணுயிர்கள் குடியிருந்த அறைகளுக்குப் பதிலாக இவை.

புது சிமென்ட்டைத் தண்ணீரில் போட்டால் காரம் ஏறும். முதல் நாள் வாளித் தண்ணீரின் பிஎச் 11-ஐத் தாண்டியது. மீன் போட்டால் செத்துவிடும். இரண்டு மாதம் தினமும் தண்ணீர் மாற்றினாள். அந்தத் தண்ணீரைக் காப்பிச் செடிப் பக்கம் ஊற்ற என் அக்கா விடவில்லை. காப்பிக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். ஒன்பதாவது வாரம் பிஎச் 8.3-ல் நின்றது. கடலின் அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

அடுக்குவதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. சுவர் மாதிரி பின்னால் சாய்த்து அடுக்கினால் கண்ணுக்கும் நல்லதில்லை, தண்ணீரும் பின்பக்கம் தேங்கி அழுக்கு சேரும். இரண்டு குன்று, நடுவே ஒரு வாய்க்கால், ஒரு குன்றிலிருந்து வளைவாக ஒரு பாலம், நாலு பக்கமும் கை போகிற அளவு இடைவெளி. அடிக்கல் மணலின் மேல் உட்காரக் கூடாது, கண்ணாடியின் மேல் உட்கார்ந்த பிறகுதான் மணல் போட வேண்டும். இல்லையென்றால் மண் பறிக்கும் மீன் அடியில் குடைந்து ஒரு நாள் எல்லாம் சரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. தூத்துக்குடி உப்பு வீட்டிலேயே இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன? ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் படிந்து தனியாகப் போய்விடுகிறது. உப்பு விளைந்த பிறகு மெக்னீசியம் கசப்புநீரில் தங்கிவிடுகிறது. நம் கைக்கு வருவது வெறும் சோடியம் குளோரைடு. கடலின் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்க வேண்டும். அதற்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை, ஆர்.ஓ. தண்ணீரில் 80 லிட்டருக்குச் சுமார் மூன்று கிலோ கரைத்தோம். மெக்னீசியம் என்றதும் எனக்கு மலையடிவாரம் நினைவுக்கு வந்தது. சேலத்தில் வெளுத்துக் கிடக்கும் வெள்ளைக்கல் சுரங்கங்கள் மேக்னசைட்டுக்காகத் தோண்டியவை. வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு என்று எண்ணிச் சுண்ணாம்புக் குன்று என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கடல் தொட்டிக்கு இந்த மலை பொருந்துமா என்ற கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை. சேலத்தில் மே மாதத்தில் கடல் தொட்டி வைப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கத் தனி இயந்திரம் வைத்தாக வேண்டும். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. மார்கழி இரவில் குளிர் 13 டிகிரிக்கு இறங்கும்போது 25 டிகிரியில் தண்ணீரைப் பிடித்து வைக்க 150 வாட் ஹீட்டர் ஒன்று போதும். ஆனால் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதுபோலவே தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. அதனால் பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறாள். காற்றும் மழையுமான இரவில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்று தனியாக இருக்கிறது.

மீன் இல்லாமல் ஆறு வாரம் தொட்டி சும்மா ஓடியது. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டாள். அம்மோனியா ஏறியது, அதைத் தின்னும் நுண்ணுயிர் வந்தது, நைட்ரைட் ஏறி இறங்கியது, கடைசியில் நைட்ரேட் மட்டும் மிஞ்சியது. மூன்றாம் வாரம் வெள்ளைப் பவளமெல்லாம் பழுப்புத் தூசி படிந்து அசிங்கமாகத் தெரிந்தபோது நான் பிரஷ்ஷைத் தேடினேன். பெரியம்மாவின் கை எனக்குள்ளும் இருக்கிறது. அவள் தடுத்தாள். பழுப்பு தானாகப் போனது. பிறகு பச்சை வந்தது, அங்கங்கே தங்கிவிட்டது. சாயம் எதுவும் பூசாமல் விட்டதற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மீன்களும் கடலில் பிடித்தவை கிடையாது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டி ஆண்டுகள் பல ஆகின்றன. எங்கள் இரண்டும் அப்படிப் பிறந்தவை. இப்போது இரண்டுமே ஆண். கொஞ்ச நாளில் பெரியது பெண்ணாக மாறும். கோமாளி மீனின் இயல்பு அது.

கையால் செய்த பவளம் இப்போது கடலுக்குள்ளேயே போகிறது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையத்தார் 2002 முதல் கான்கிரீட் சட்டங்களில் உயிர்ப் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, ஓட்டைகள் விட்டு வார்த்த கான்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்து மணல் சேர்ந்தது, மீன்கள் குடியேறின. அடுத்து காரியாச்சல்லித் தீவைக் காப்பாற்றும் வேலை நடக்கிறது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததைப் பார்த்தவர்கள்தான் இதையும் செய்கிறார்கள். மாணவியாக இருந்தபோது அக்கா மகள் அந்தக் கான்கிரீட்டைத் தண்ணீருக்கு அடியில் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தன் தொட்டிக்கு ஓட்டை ஓட்டையாகக் கல் வார்க்கும் எண்ணம் அங்கேதான் வந்ததாம்.

பெரியப்பாவின் கல் இப்போது இல்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது பள்ளங்கள் பெரும்பாலும் மறைந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

மீன்கள் வந்த அன்று, பையை அவிழ்க்காமல் தொட்டி நீரில் அரைமணி நேரம் மிதக்க விட்டாள். பிறகு ஒரு பாத்திரத்தில் மாற்றி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு மணி நேரம். வெளியே மூடுபனியில் ஒண்டிக்கடை விளக்குகள் மஞ்சளாகக் கரைந்திருந்தன. விட்டதும் இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்கும் முன் பார்த்தேன். பெரியது பாலத்துக்குக் கீழே நகர்ந்து, மூங்கில் சிம்பால் இழுத்த பள்ளத்தில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. சின்னது அதன் வாலுக்குப் பின்னால், அதே பள்ளத்தில்.

"காலையில தண்ணி கொறஞ்சிருந்தா இந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க மாமா. உப்புத் தண்ணி வேண்டாம். ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு உள்ளயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள். கண்ணாடியில் அவள் கறுப்பு மையால் போட்டிருந்த கோட்டைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.